காத்தடிச்சா லாரி கவிழுமா? 14 டன் வண்டியையே சாய்க்கும் பலத்த காற்று... திரை போட்ட வண்டிகளுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தவறாமல் வரும் காட்சி இது. புயல் எச்சரிக்கை வந்த சில மணி நேரத்தில், நெடுஞ்சாலையில் ஒரு நீளமான லாரி பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். எந்த வண்டியும் மோதியிருக்காது. டயர் வெடித்திருக்காது. டிரைவர் தூங்கியிருக்க மாட்டார். காற்று மட்டும்தான் காரணம்.

இப்படி விழும் வண்டிகளில் அடிக்கடி கண்ணில் படுவது 'கர்ட்டன் சைடர்' எனப்படும் திரை போட்ட டிரெய்லர். 14 டன் எடையுள்ள வண்டியைக் காற்று எப்படிச் சாய்க்கிறது? பக்கத் திரையைத் திறந்து விட்டுட்டா தப்பிச்சிடலாமா? ஓட்டலாமா, வேண்டாமான்னு யார் முடிவு பண்றது? விரிவாகப் பார்க்கலாம்.

கர்ட்டன் சைடர் என்றால் என்ன?

முன்பக்கம் கெட்டியான சுவர், பின்பக்கம் கதவு, மேலே கூரை. இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் தகரத்துக்குப் பதிலாக பி.வி.சி. பூசிய கனமான திரை. ஜன்னல் ஸ்கிரீன் மாதிரி மேலே உள்ள தண்டவாளத்தில் அது நகரும். கீழே வரிசையாக பெல்ட்டும் பக்கிளும் போட்டு இறுக்கிவிடுவார்கள்.

1960களின் இறுதியில் பிரிட்டனில் 'டாட்லைனர்' என்ற பெயரில் பிரபலமான வடிவம் இது. பக்கவாட்டில் முழுசாகத் திறக்கலாம் என்பதால், ஃபோர்க்லிஃப்ட் வைத்து சீக்கிரமாக லோடு ஏற்றி இறக்க முடியும். அதனால்தான் ஐரோப்பா முழுக்க இந்த வண்டிகள் ஓடுகின்றன. நம்ம ஊரில் இந்த வகை குறைவு. இங்கே தார்பாய் கட்டிய லாரியும், இரும்புக் கன்டெய்னரும்தான் அதிகம்.

திரைதானே, காத்து உள்ளே புகுந்து போயிடாதா என்று தோன்றலாம். போகாது. இறுக்கிக் கட்டிய திரை, காற்றைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒரு சுவர்தான். பாய்மரக் கப்பலின் பாய் துணிதான் என்றாலும் கப்பலையே தள்ளுவதைப் போல.

வேகம் இரண்டு மடங்கு... தள்ளும் பலம் நான்கு மடங்கு!

ஐரோப்பாவில் வழக்கமாக ஓடும் ஒரு டிரெய்லரின் நீளம் 13.6 மீட்டர். பக்கவாட்டுத் திரையின் உயரம் சுமார் 2.8 மீட்டர். அதாவது காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு சுமார் 38 சதுர மீட்டர்.

இந்தப் பரப்பின் மீது காற்று நேர் பக்கவாட்டில் அடித்தால் எவ்வளவு பலமாகத் தள்ளும்? எளிய கணக்கு இது:

* மணிக்கு 40 கி.மீ. காற்று: சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான தள்ளல்
* மணிக்கு 80 கி.மீ. காற்று: 1,100 கிலோவுக்கு மேல்
* மணிக்கு 110 கி.மீ. காற்று: 2,000 கிலோவைத் தாண்டும்

காற்றின் வேகம் 40-லிருந்து 80 ஆனால் தள்ளும் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 'இவ்ளோ நேரம் ஓட்டிட்டுதானே வந்தோம், இன்னும் கொஞ்சம் காத்து கூடினா என்ன' என்று நினைப்பது ஆபத்தாவது இந்த இடத்தில்தான்.

2 டன் தள்ளல் எப்படி 14 டன் வண்டியைச் சாய்க்கும்?

நியாயமான கேள்வி. வெறும் எடைக்கணக்கு பார்த்தால் சாயக் கூடாது. ஆனால் நாலு விஷயங்கள் ஒன்று சேர்கின்றன.

முதலாவது, உயரம். காற்றின் தள்ளல் தரையில் விழுவதில்லை. தரையிலிருந்து சுமார் 2.5 மீட்டர் உயரத்தில் விழுகிறது. வண்டியின் அகலமோ மொத்தமே 2.55 மீட்டர். நின்று கொண்டிருப்பவரைக் காலில் தள்ளுவதற்கும் தோளில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இரண்டாவது, எடை எங்கே இருக்கிறது என்பது. காலியான முழு வண்டி 14 முதல் 15 டன் இருக்கும். அதில் பாதிக்கு மேல் முன்னால் இழுக்கும் வண்டியின் எடை. காற்று வாங்கும் பெரிய பரப்பு முழுக்கப் பின்னால் உள்ள டிரெய்லரில் இருக்கிறது. அந்த டிரெய்லரின் எடை 6, 7 டன்தான். அதனால்தான் பல வீடியோக்களில் முதலில் டிரெய்லரின் பின் சக்கரங்கள் தூக்குவதும், பிறகு அது முன்வண்டியையும் சேர்த்து இழுத்துச் சாய்ப்பதும் தெரிகிறது.

மூன்றாவது, வண்டியின் வேகம். இதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது, பக்கவாட்டுக் காற்றும் 80 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வண்டி உணரும் காற்றின் வேகம் 80 அல்ல, சுமார் 113 கி.மீ. அதுவும் முன்பக்கமிருந்து சாய்வாக வந்து தாக்கும். இதனால் பக்கவாட்டுத் தள்ளலும் கூடும். வண்டியை மெதுவாக்கினால் இந்தக் கூடுதல் தள்ளல் குறையும்.

நான்காவது, வீச்சு. காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. விட்டு விட்டு அறைகிறது. ஊஞ்சலைத் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் மேலே போவது போல, ஒவ்வொரு வீச்சும் ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டிருக்கும் டிரெய்லரை இன்னும் கொஞ்சம் ஆட்டுகிறது. சாலையின் சரிவு, ஒரு வளைவு, ஸ்டியரிங்கில் ஒரு திடீர் திருப்பல்... இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் போதும்.

சராசரி வேகம் வேற... வீச்சு வேற!

வானிலைச் செய்தியில் இரண்டு எண்கள் வரும். ஒன்று காற்றின் சராசரி வேகம். இன்னொன்று, 'இடையிடையே' என்று சொல்லப்படும் வீச்சின் வேகம். உதாரணமாக, 'மணிக்கு 50 முதல் 60 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 70 கி.மீ. வேகத்திலும் காற்று வீசும்' என்று நம்ம ஊர் வானிலை மையம் சொல்வதைக் கேட்டிருப்போம்.

லாரி டிரைவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. வண்டியைச் சாய்ப்பது அந்தச் சில நொடி வீச்சுதான்.

காலி வண்டிதான் பயம்... ஏன்?

லோடு இல்லாத வண்டி ஓட்டறது ஈஸி என்பது பொதுவான நினைப்பு. காற்று நாளில் அது தலைகீழ். 40 டன் லோடு வண்டியின் எடையே அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். காலி வண்டிக்கு அதே பரப்பு, அதே காற்று, எடை மட்டும் மூன்றில் ஒரு பங்கு.

இதைவிட ஏமாற்றுவது 'நிறைஞ்சிருக்கு, ஆனா கனமில்லை' என்ற வகை லோடு. சிப்ஸ் பாக்கெட், தெர்மோகோல், காலி பிளாஸ்டிக் டப்பா, காலி பேலட் போன்றவை. வண்டி கூரை வரை நிரம்பியிருக்கும். டிரைவருக்கும் 'லோடு வண்டிதானே' என்ற தைரியம் வந்துவிடும். எடை போட்டுப் பார்த்தால் காலி வண்டியைவிடச் சில டன்தான் கூட இருக்கும். திரையைத் திறந்து காற்றுக்கு வழிவிடவும் முடியாது.

நாலு இடத்தில் இறக்கிக்கொண்டே போகும் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல். காலையில் கிளம்பும்போது இருந்த எடை மதியம் இருக்காது. பின்பக்கம் முதலில் காலியாகும். காலையில் பத்திரமாகக் கடந்த அதே பாலம், திரும்பி வரும்போது ஆபத்தாக மாறிவிடலாம்.

திரையைத் திறந்து விட்டுட்டா சரியாயிடுமா?

டிரைவர்கள் மத்தியில் நெடுநாளாக நடக்கும் விவாதம் இது. காலி வண்டி என்றால், இரண்டு பக்கத் திரைகளையும் முழுசாக ஒரு முனைக்கு இழுத்துக் கட்டிவிட்டால் காற்று குறுக்கே புகுந்து வெளியே போய்விடும். தள்ளல் பெருமளவு குறையும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் சில நிபந்தனைகள் உண்டு.

* இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால், உள்ளே புகும் காற்று எதிர்ப்பக்கத் திரையில் மோதி, டிரெய்லரை ஒரு பை மாதிரி ஆக்கிவிடும். மூடியே இருந்ததைவிட மோசம்.
* சுருட்டிய திரையைத் தூணோடு சேர்த்து பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். அரைகுறையாகக் கட்டினால் ஓடும்போது அவிழ்ந்து பக்கத்து வண்டி மீது அடிக்கும். கனமான பக்கிள்கள் சாட்டை போலச் சுழலும்.
* உள்ளே கழன்று கிடக்கும் பேலட், பெல்ட், கட்டை என எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் சாலையில் பறக்கும்.
* திரையைத் திறக்கும் வேலையைக் காற்று ஏறுவதற்கு முன்பே, மறைவான இடத்தில் முடித்துவிட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி வீச்சுக்கு நடுவே பக்கிளை அவிழ்ப்பது, வண்டி ஓட்டுவதைவிட ஆபத்து.
* திறந்து ஓட்டலாமா என்பதை டிரெய்லர் தயாரிப்பாளரின் குறிப்பும் நிறுவனத்தின் விதியும் சொல்ல வேண்டும். எல்லா பாடியும் ஒன்றல்ல.

முக்கியமான விஷயம், திரையைத் திறந்தாலும் கூரை, முன்சுவர், பின்கதவு எல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆபத்து குறையுமே தவிர, இல்லாமல் போகாது. 'உயரமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை வைத்திருக்கும் பாலத்தில், திரை திறந்திருக்கு என்று சொல்லி டிரைவர் தானாக நுழையக் கூடாது.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. 'லோடு சரிஞ்சாலும் திரை தாங்கிக்கும்' என்பது. சாதாரணத் திரை மழைக்கும் தூசிக்கும்தான். அதற்கெனச் சோதித்துச் சான்று பெற்ற வலுவான பாடியாக இருந்தால் தவிர, லோடைத் தனியாக பெல்ட் போட்டுக் கட்டியே ஆக வேண்டும் என்பதுதான் பிரிட்டன் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்வது. காற்றில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது கட்டாத லோடும் அதே பக்கம் சரிந்தால், மிச்சமிருந்த பிடிப்பும் போய்விடும்.

ஒரு லாரி... 19 மணி நேரம் முடங்கிய பாலம்

2017 ஜனவரி 11. ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே உள்ள ஃபோர்த் சாலைப் பாலம். பலத்த காற்று காரணமாக உயரமான வண்டிகளுக்குப் பாலம் மூடப்பட்டிருந்தது. அதையும் மீறி அதிகாலையில் ஒரு லாரி நுழைந்தது. காற்று அதைச் சாய்த்து, பாலத்தின் நடுத்தடுப்பு மீது படுக்க வைத்தது. இரண்டு திசைப் போக்குவரத்தும் நின்றது. காற்று குறையாமல் கிரேனைக் கொண்டு வந்து தூக்கவும் முடியாது. சுமார் 19 மணி நேரம் பாலம் மூடியே கிடந்தது.

அப்போது அந்த இடத்தில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே சாலைப் பாலம் அது. வேலைக்குப் போகிறவர்கள், மற்ற லாரிகள் என எல்லாரும் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மூடிய பாலத்தில் நுழைவது அந்த டிரைவரின் உயிரோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை என்பதை அந்த நாள் காட்டியது.

அந்தப் பாலத்தில் அப்போது வீச்சின் வேகம் மணிக்கு சுமார் 80 கி.மீ. தொட்டாலே உயரமான வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பக்கத்திலேயே திறக்கப்பட்ட குவீன்ஸ்ஃபெரி பாலத்தில், இரு ஓரமும் காற்றுத் தடுப்புகள் வைத்தே கட்டினார்கள். பழைய பாலத்தை மூட வைத்த காற்றிலும் புதிய பாலத்தில் போக்குவரத்து ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

தடுப்பு இருந்தால் மட்டும் போதுமா? 2022 பிப்ரவரி 18-ல் 'யூனிஸ்' புயல் வந்தது. ஒயிட் தீவின் நீடில்ஸ் பகுதியில் மணிக்கு 196 கி.மீ. வீச்சு பதிவானது. இங்கிலாந்தில் பதிவானதிலேயே அதிக வேகம் அது. இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் ஆற்றுப் பாலங்கள் இரண்டும் அன்று ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அதில் ஒன்று காற்றுத் தடுப்பு உள்ள பாலம். வேல்ஸில் எம்4 நெடுஞ்சாலையில் லாரிகள் கவிழ்ந்த காட்சிகள் உலகம் முழுக்கப் பரவின.

எந்த இடத்தில் உஷார்?

பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் இதற்கெனத் தனி விதியே வைத்திருக்கிறது. பலத்த காற்றில் அதிகம் பாதிக்கப்படுவது உயரமான வண்டிகள் என்றும், திறந்தவெளிச் சாலை, பாலம் இருக்கும் இடம், வேலிகளின் இடைவெளி ஆகியவற்றில் கவனம் வேண்டும் என்றும் சொல்கிறது.

காரணம், திடீர் மாற்றம். மரவரிசைக்குப் பின்னால் காற்று தெரியாது. மரங்கள் முடிந்ததும் பளார் என்று அறையும். டிரைவர் அதற்கு எதிராக ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அடுத்த நொடி ஒரு மேம்பாலத்தின் கீழே போனதும் காற்று சட்டென நிற்கும். அப்போது பிடித்து வைத்த ஸ்டியரிங்கே வண்டியை எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். இன்னொரு லாரியைத் தாண்டும்போதும் இதேதான் நடக்கும்.

ஓட்டும்போது செய்ய வேண்டியவை:

* வேகத்தை முன்கூட்டியே குறைப்பது. பாலத்தில் ஏறிய பிறகு அல்ல, ஏறும் முன்பே.
* இரண்டு கையும் ஸ்டியரிங்கில். க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம்.
* சின்னச் சின்னத் திருத்தம் மட்டும். வெட்டித் திருப்புவதும் பிரேக்கை அழுத்தி மிதிப்பதும் கூடாது.
* மிரரில் டிரெய்லரின் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. கேபினில் இருப்பவருக்கு டிரெய்லரின் ஆட்டம் தாமதமாகத்தான் தெரியும்.
* பைக், சைக்கிள், வேன் ஆகியவற்றுக்குக் கூடுதல் இடைவெளி. லாரி கடக்கும்போது உண்டாகும் காற்றுச் சுழலே பைக்கைத் தள்ளிவிடும்.
* திறந்தவெளிச் சாலையைத் தவிர்த்து, மறைவான மாற்றுப் பாதையைக் கிளம்பும் முன்பே பார்த்து வைப்பது.

வண்டியில் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் இருக்கே என்று சொல்பவர்களும் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது அந்தக் கருவி பிரேக் போட்டு உதவும். பக்கவாட்டில் தூக்கும் காற்றை அதனால் நிறுத்த முடியாது. சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகு ஸ்டியரிங்கால் காப்பாற்றிவிடலாம் என்று நம்புவதும் தப்பு. அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதுதான் ஒரே வழி.

நிறுத்தியாச்சு... இனி பயமில்லையா?

நிறுத்திய வண்டியும் விழும். அதனால் எங்கே, எப்படி நிறுத்துகிறோம் என்பது முக்கியம். கெட்டியான கட்டடத்தின் மறைவில், முடிந்தால் வண்டியின் முகம் காற்றைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். முன்பக்கப் பரப்பு, பக்கவாட்டுப் பரப்பில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. மரத்தடி வேண்டாம். இன்னொரு காலி டிரெய்லருக்குப் பக்கத்திலும் வேண்டாம். அது சாய்ந்தால் இது மேல்தான் விழும். முன்வண்டியைக் கழற்றிவிட்டுக் காலில் நிற்கும் காலி டிரெய்லர்களும் சாய வாய்ப்புண்டு. அவற்றுக்கு அருகே ஆட்கள் நடமாடக் கூடாது.

'ஓட்ட மாட்டேன்'னு சொல்ல முடியுமா?

எல்லா அறிவுரையும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். டெலிவரி நேரம் நெருங்குகிறது. ஆபீஸிலிருந்து போன் வருகிறது. முன்னால் போன வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் ஒரு டிரைவர் தனியாக முடிவெடுப்பது சுலபமில்லை.

பிரிட்டனில் சட்டம் ஒரு பிடி கொடுக்கிறது. உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையை நிறுத்தும் தொழிலாளியை அதற்காகத் தண்டிக்கவோ வேலையை விட்டு நீக்கவோ கூடாது என 1996-ம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் சொல்கிறது. ஆனாலும் சாலை ஓரத்தில் நின்று சட்டம் பேசும் நிலைக்கு டிரைவரைத் தள்ளாமல் இருப்பதுதான் நல்ல நிறுவனத்துக்கு அடையாளம். 'வீச்சு இந்த வேகத்தைத் தாண்டினால் காலி கர்ட்டன் சைடர் கிளம்பாது' என்று ஒரு எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், அது யாருடைய தைரியத்தையும் சோதிக்காது. டிரைவருக்கும் வாக்குவாதம் மிச்சம்.

நம்ம ஊருக்கு இதில் என்ன இருக்கு?

காற்றுக்கு ஓர் எல்லை வைத்து வண்டியை நிறுத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயில் நிற்கும். லோகோ பைலட்டிடம் 'உங்களுக்கு எப்படித் தோணுது' என்று யாரும் கேட்பதில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயிலோடு பயணிகளையும் கடல் கொண்டுபோன வரலாறு அந்தப் பகுதிக்கு உண்டு.

சாலையில் பார்த்தால், காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகும் பாதை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து வரும் இடம். அதனால்தான் அங்கே இத்தனை காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாயும் அப்படித்தான். இந்தப் பாதைகளில் போகும் காலி கன்டெய்னர், கூரைக்கு மேல் ஏற்றிய வைக்கோல் லாரி, தென்னை நார், பஞ்சு லோடு ஆகிய எல்லாவற்றுக்கும் கர்ட்டன் சைடரின் அதே கணக்குதான். பெரிய பரப்பு, குறைந்த எடை.

தளர்வாகக் கட்டிய தார்பாயும் தொல்லை தரும். உள்ளே காற்று புகுந்து பலூன் மாதிரி உப்பினால், வண்டியின் பரப்பு இன்னும் கூடும். கயிறு அறுந்தால் பின்னால் வரும் பைக்காரரின் முகத்தில்தான் போய் விழும்.

இங்கே டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவருக்கு, இரண்டு மணி நேரம் ஒதுங்கி நிற்பது என்பது கையில் வரும் காசு. அந்த இரண்டு மணி நேரத்தை 'லேட்' என்று எழுதாமல், பாம்பனில் ரயில் நிற்பதைப் போல எழுதிக்கொள்ளும் பொறுப்பு வண்டி உரிமையாளருக்கும் லோடு கொடுப்பவருக்கும் இருக்கிறது. காற்று குறைய சில மணி நேரம் போதும். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்த அதைவிட அதிக நேரம் ஆகும்.